நுவரெலியாவில் நான் பணம் கட்டிய பங்களா

2024 ஏப்ரலில், இலங்கை மலைநாட்டு நுவரெலியாவில் ஒரு பழைய துரை (தேயிலைத் தோட்ட மேலாளர்) பங்களாவில் இரண்டு இரவு தங்குவதற்காக 39,000 ரூபாய் கட்டினேன். பங்களா இருந்தது. படத்தில் பார்த்த அதே சிவப்புத் தகரக் கூரை, அதே புகைக்கூண்டு, அதே புல்வெளி. ஆனால் அதை யாரும் யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. மழையில் கேட்டுக்கு வெளியே பையோடு நின்றபோதுதான் அது எனக்குத் தெரியவந்தது. தனியாகப் போயிருந்தேன். அன்றைக்கு வந்த பயத்தையும் ஆத்திரத்தையும் வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் சென்ற மாதம் தன் போனை நீட்டி, "இந்தப் பங்களா நல்லா இருக்கே, அட்வான்ஸ் போட்டுடவா?" என்று கேட்டதுதான். வேறு படம், வேறு பெயர், ஆனால் பேச்சு அதே பேச்சு. அவரைத் தடுத்துவிட்டேன். என்னைத் தடுக்க அன்று யாரும் இருக்கவில்லை.

அந்த வீட்டுக்கு நான் ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. என் தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில், பேர் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் மலைக்கு ஏறும்போது அவர் கத்தரியும் கூடையுமாகப் பங்களாவுக்குப் போவார். டேலியா, ரோஜா, ஸ்வீட் பீ, வேலியோரம் சைப்பிரஸ், முன்வாசலின் இரண்டு பக்கமும் ஹைட்ரேஞ்சியா. முப்பத்தொரு வருடம் அந்தப் பூக்களைப் பார்த்தார். அந்த முப்பத்தொரு வருடத்தில் முன்வாசல் வழியாக அவர் உள்ளே போனது ஒரே ஒரு தடவை, காற்றில் மரம் விழுந்து ஜன்னல் உடைந்த அன்று. மற்ற நாளெல்லாம் குசினிப் பக்கம்தான். நாங்கள் கொழும்புக்கு வந்த பிறகு, வெள்ளவத்தையில் மாடி வீட்டு பால்கனியில் பெயின்ட் வாளிக்குள் ரோஜா நட்டு வைத்தார். அது வாடும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "இந்த வெக்கையில அது என்னம்மா செய்யும்?"

ஹைட்ரேஞ்சியா மலைநாட்டில் ஏன் நீலமாகப் பூக்கிறது என்று முதலில் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்ணில் அது நீலம். வேரடியில் சுண்ணாம்பு போட்டு மண்ணை மாற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக ரோஸ் நிறத்துக்கு வரும். துரைசானி ரோஸ் கேட்டால் ஒரு பக்கத்துச் செடிக்கு மட்டும் சுண்ணாம்பு வைப்பாராம். வாசலுக்கு இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் ரோஸ். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்தப் பேச்சிலும் பார்த்ததில்லை. அப்படி ஒரு வீட்டில், முன்வாசல் வழியாகப் போய், ஒரு இரவாவது படுத்து எழும்பி, காலையில் ஜன்னலைத் திறந்து அந்தப் பூவை உள்ளேயிருந்து பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. அவர் போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது நுவரெலியாவுக்குப் போவேன். காலையில் போய் மாலையில் ஹட்டனுக்கோ கண்டிக்கோ இறங்கிவிடுகிற பயணங்கள். அந்த ஊரை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. 1,868 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதைச் சுற்றிப் பிதுருதலாகலை முதலான மலைகள், நடுவில் இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பெயர்த்து வைத்தது போன்ற வீடுகள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் தனக்கென்று கட்டிய வீடுதான் பிறகு கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1894இல் கட்டிய தபாற்கந்தோரின் செங்கல் சுவரும் மணிக்கூட்டுக் கோபுரமும் மழையில் நனைந்தால் இன்னும் சிவக்கும். அதற்குக் கொஞ்சம் தள்ளி விக்டோரியா பூங்கா, ராணியின் அறுபதாண்டு ஆட்சி நிறைவை ஒட்டி 1897இல் பெயர் சூட்டியது. இந்த அழகையெல்லாம் ரசிக்கும்போதே, இதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் லயம் என்கிற வரிசை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) குடும்பத்தோடு படுத்தார்கள் என்பதும் எனக்கு நினைவில் இருக்கும். அந்தக் காம்பராவில் பிறந்தவள் நான். இரண்டும் சேர்ந்ததுதான் எனக்கு நுவரெலியா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெப்ரவரி கடைசியில் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. "பழைய தோட்டத்துரை பங்களா, நூறு வருடப் பாரம்பரியம், நான்கு அறைகள்" என்று போட்டிருந்தார்கள். பதினெட்டுப் படங்கள். அதில் ஏழாவது படத்தில் முன்வாசல், இரண்டு பக்கமும் ஹைட்ரேஞ்சியா. அந்த இடத்திலேயே என் புத்தி நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் தமிழில் பதில் வந்தது. "அக்கா, நம்ம ஆளுங்கன்னா தனி கவனிப்பு. தனியா வர்றீங்களா, பயப்படாம வாங்க, அம்மா மாதிரி பாத்துக்க ஒரு ஆள் இருக்காங்க." ஒரு இரவுக்கு 19,500. ஏப்ரல் சீசனில் அந்த மாதிரி வீட்டுக்கு அது குறைந்த விலை. குறைவாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். எனக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. சீட்டுக் காசு கைக்கு வந்திருந்த நேரம். 20,000 அனுப்பினேன். புறப்பட இரண்டு நாளுக்கு முன்பு, "அக்கா, இன்னொரு பார்ட்டி முழுக் காசோட நிக்கிறாங்க, மிச்சத்தப் போட்டா ரூம பிளாக் பண்ணிடுவேன்" என்று வந்தது. மிச்சம் 19,000மும் போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறவிட்ட அடையாளங்கள் எல்லாம் இந்த நாட்களுக்குள்தான் இருந்தன. பணம் போன கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது, பங்களாவின் பெயரிலோ ஒரு நிறுவனத்தின் பெயரிலோ இல்லை. கேட்டபோது "மனேஜரின் கணக்கு" என்றார்கள். நான் இரண்டு தடவை போன் எடுத்தபோதும் துண்டித்துவிட்டு, "மலையில சிக்னல் இல்லக்கா" என்று மெசேஜ்தான் வந்தது. அதே ஆள் ஐந்து நிமிடத்தில் மெசேஜுக்குப் பதில் போடுகிறார், ஆனால் பேச மட்டும் சிக்னல் இல்லை. படங்களில் வெளிச்சம் ஒரே மாதிரி இல்லை, சிலது பழைய கமராவில் எடுத்தவை. அந்த முன்வாசல் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்திருந்தால், அது பல வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு பயணி போட்ட படம் என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிறகு போட்டுப் பார்த்தேன், வந்தது. நீங்கள் எந்த இடத்துக்கும் பணம் அனுப்பும் முன் அந்த அரை நிமிடத்தைச் செலவழியுங்கள். அப்புறம் வீடியோ அழைப்பில் வந்து கேட்டையும் வாசலையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான இடம் வைத்திருப்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார். தமிழில் பேசினார், அக்கா என்று கூப்பிட்டார் என்பதை நான் ஒரு உத்தரவாதமாக எடுத்துக்கொண்டேன். நம் பாசத்தை நம் மொழியிலேயே பேசித்தான் பிடுங்குகிறார்கள், அதை மனதில் வையுங்கள்.

புத்தாண்டு முடிந்த வாரம் புறப்பட்டேன். ரயிலில் முன்பதிவு கிடைக்கவில்லை. முன்பதிவு முப்பது நாளுக்கு முன்பே திறக்கிறது, சீசனில் திறந்த கையோடு முடிந்தும் விடுகிறது. மூன்றாம் வகுப்பில் நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே போய், பிறகு ஒரு அம்மா தன் பேரனை மடியில் வைத்து எனக்கு இடம் விட்டார். நானுஓயாவில் இறங்கும்போது மேகம் திரண்டுவிட்டது. அங்கிருந்து நுவரெலியா டவுன் எட்டு, ஒன்பது கிலோமீற்றர்தான். ஆட்டோக்காரத் தம்பி முகவரியைப் பார்த்துவிட்டு, "அது ஹோட்டல் இல்லியேக்கா" என்றான். நான் நம்பவில்லை, போகச் சொன்னேன். டவுனைத் தாண்டி, ஒரு தோட்டப் பாதையில் ஏறி, மழை கொட்டத் தொடங்கியபோது கேட்டுக்கு முன்னால் நிறுத்தினான்.

காவல்காரர் வயதானவர், தலையில் ஒரு யூரியா உறை. கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குள்ளேயே நின்று நான் நீட்டிய போனைப் பார்த்தார். "இது கம்பெனி பங்களா புள்ள. துரை குடும்பத்தோட இருக்காரு. இங்க யாருக்கும் ரூம் விடுறதில்ல. இந்த சீசனுக்கு நீங்க நாலாவது ஆள்." அந்த நாலாவது என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கால் தளர்ந்துவிட்டது. அவருக்குப் பின்னால், மழைக்குள், அந்த முன்வாசல் தெரிந்தது. ஹைட்ரேஞ்சியா இரண்டு பக்கமும் நீலம். தண்ணீர் ஏறின பூக்கொத்துகள் கனத்துத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். போனை எடுத்து மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. பழைய உரையாடலில் அவர்கள் அனுப்பியதெல்லாம் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தது, என் கண் முன்னாலேயே. அப்போது ஸ்கிரீன்ஷொட் எடுக்கத் தோன்றவில்லை, பாதி போய்விட்டது. பணம் அனுப்பிய அன்றே கணக்கு எண், பேச்சு, பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு அது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும்.

கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய சின்னக் காவல் குடில். அங்கே உட்காரச் சொல்லி, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ தந்தார். சீனியை உள்ளங்கையில் கொட்டிவிட்டார், நக்கி நக்கிக் குடிக்க. தாத்தா குடிக்கிற மாதிரியே. எந்தத் தோட்டம் என்று கேட்டார், சொன்னேன். தாத்தா பங்களாத் தோட்டக்காரர் என்றதும், "அப்போ அப்புமாரோட பழகின ஆளு" என்று தலையாட்டினார். பங்களாச் சமையல்காரரை அப்பு என்றுதான் தோட்டத்தில் சொல்வோம். உள்ளே கூட்டிப் போக முடியாது, வேலை போய்விடும் என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவும் இல்லை. ஆனால் மழை கொஞ்சம் விட்டதும் கேட்டுக்கு இந்தப் பக்கம் வளைந்து நின்ற ஒரு கொப்பை விரல் நீளத்துக்கு ஒடித்து, ஈரக் கடதாசியில் சுற்றித் தந்தார். கொழும்பு வெயிலுக்கு அது தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். சீசன் நேரம், மாலை ஐந்து மணி தாண்டி, மழை, ஒரு பெண் தனியாக ரூம் தேடுகிறாள். நானும் ஆட்டோக்காரத் தம்பியும் ஐந்து இடத்தில் ஏறி இறங்கினோம். ஒரு இடத்தில் ஒரு இரவுக்கு 35,000 கேட்டார்கள். ஒரு இடத்தில் தனியாக வந்த பெண்களுக்கு ரூம் தருவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். நான் அந்தத் தம்பியின் ஆட்டோ இலக்கத்தைத் தம்பிக்கு, என் சொந்தத் தம்பிக்கு, அனுப்பிவிட்டு, அதை ஆட்டோக்காரத் தம்பியிடமும் சொன்னேன். "நல்லது செஞ்சீங்கக்கா, அப்படித்தான் செய்யணும்" என்றான். கடைசியில் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்கு மேலே ஒரு ரூம், 12,000. சுடுதண்ணீர் இல்லை, கம்பளியில் ஈர வாடை, கதவில் தாழ்ப்பாள் சரியில்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உடுத்திய உடுப்போடு, ஸ்வெட்டரோடு, விடியும்வரை விழித்திருந்தேன். 39,000 போனதைவிட, அந்த ஆசையை ஒருவன் படம் பார்த்துக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டானே என்பதுதான் அன்று நெஞ்சை அறுத்தது.

அடுத்த நாளே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. வந்ததுக்கு ஹக்கலையைப் பார்க்காமல் போனால் இன்னும் நஷ்டம் என்று தோன்றியது. காலை ஏழரைக்கே பஸ் ஏறிவிட்டேன். வெலிமடை, பதுளை போகிற எந்த பஸ்ஸும் ஹக்கலை வாசலில் நிற்கும், டவுனிலிருந்து பத்துக் கிலோமீற்றர்தான். வழியில் சீதாஎலியாவில் சீதையம்மன் கோவிலில் இறங்கி, ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினேன். அசோகவனம் இதுதான் என்று நம் ஆட்கள் சொல்லுகிற இடம். ஹக்கலைப் பாறையை அனுமார் தாடையில் கவ்விக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள், பெயருக்கே தாடைப் பாறை என்றுதான் பொருள்.

ஹக்கலைத் தோட்டத்தை 1861இல் தொடங்கியது பூப் பார்க்க அல்ல. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். மலைநாட்டில் கோப்பி நோயால் அழிந்தபோது பல துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினார்கள், பிறகுதான் தேயிலை எல்லாவற்றையும் விழுங்கியது. அந்தச் சோதனைத் தோட்டம்தான் இன்று ரோஜாவும் பன்னங்களும் நிறைந்த பூங்கா. காலை வெயிலில் ரோஜாப் பாத்திகளுக்குள் போனேன். இரவு மழை இதழ்களில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. ஒரு மஞ்சள் ரோஜாவின் நடுவில் ஒரு சின்ன வண்டு நனைந்து அசைய முடியாமல் இருந்தது, வெயில் படப்படச் சிறகை விரித்து உதறியது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேலே மரப் பன்னங்கள் நிற்கிற நிழல் பாதையில் ஆளே இல்லை. தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள், மண்வெட்டியின் சத்தம் மட்டும். என் உடம்பில் இருந்த நடுக்கம் அங்கேதான் அடங்கியது.

தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மலையில் காலைதான் நம் நேரம். ஏப்ரலில் பகல் ஒரு மணிக்கு மேல் மூடிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும், பத்தடிக்கு முன்னால் நிற்கிற மரம்கூடத் தெரியாது. ஹக்கலையில் மேல்பக்கம் காட்டை ஒட்டி நடந்தால் அட்டை ஏறும், கால் மூடிய சப்பாத்தும் கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ போதும். தேசிய அடையாள அட்டையைக் கையில் வையுங்கள், உள்ளூர்க் கட்டணத்துக்கு அது தேவைப்படும். விக்டோரியா பூங்காவில் பாத்திகளை ஏப்ரல் சீசனுக்கென்றே பூக்க வைக்கிறார்கள், அதனால் பூ ஏப்ரலில்தான் உச்சம். ஆனால் கூட்டமும் விலையும் உச்சம். மார்ச் நடுவில், வார நாளில் போனால் பாதிப் பூ இருக்கும், ஊரும் அமைதியாக இருக்கும். குளிர் மாதங்களில் அந்தப் பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்கிற குருவியைப் பார்க்க தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மரத்தடியில் நிற்பார்கள். என்னைக் கேட்டால், அந்த மாதங்களைத்தான் சொல்வேன். கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் 147 ஏக்கர், வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்கும், தங்க இடம் கண்டியில் தாராளம். முதல் தடவை மலைநாட்டுத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

கொழும்புக்கு வந்து வங்கிக்கும் பொலிஸுக்கும் போனேன். மூன்று அலைச்சல், இரண்டு நாள் லீவு. அங்கே கேட்டதெல்லாம் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, கணக்கு எண், பக்கத்தின் முகவரி, உரையாடல். பாதி உரையாடல்தான் என்னிடம் இருந்தது. பணம் போன சில மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொன்னால் நிறுத்திப் பார்க்க வழி இருக்கிறது, நான் சொன்னது பல நாள் கழித்து, கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. காசு திரும்பவில்லை. 39,000, இரண்டு இரவுக்கு ரூம் 24,000, ஆட்டோவுக்கு 5,500, ஆக 68,500. எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். முறைப்பாடு போட்டதால் காசு வராவிட்டாலும், போடாமல் இருக்காதீர்கள். எனக்கு முன் வந்து ஏமாந்த மூன்று பேரில் ஒருவராவது எங்காவது எழுதிப் போட்டிருந்தால் நான் தப்பியிருக்கலாம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

அப்படியானால் பழைய பங்களாவில் தங்கவே முடியாதா என்றால், முடியும். தோட்டப் பங்களாக்கள் பெரும்பாலும் பெருந்தோட்டக் கம்பெனிகளின் சொத்து. எந்தக் கம்பெனி என்று விசாரித்து, அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு நேரே போன் செய்து கேளுங்கள், விடுவதாக இருந்தால் அவர்களே சொல்வார்கள். தங்குமிடங்களை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு செய்கிறது, பாரம்பரிய பங்களா, பாரம்பரிய வீடு என்று தனி வகைகளே இருக்கின்றன. பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, 1912க்கு அழைத்துச் சரிபார்க்கலாம். அரச வேலையில் இருப்பவர்கள் சேர்கிட் பங்களாக்களையும், அதாவது அரச திணைக்களங்களின் தங்கும் விடுதிகளையும், விசாரிக்கலாம். முழுக் காசையும் முன்னே கட்டாதீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு கட்டுகிற முறை இருந்தால் ஐந்நூறு ரூபாய் கூடினாலும் அதையே எடுங்கள். தங்காமலும் பார்க்கலாம்: கிராண்டில் மாலைத் தேநீருக்கு உட்கார்ந்தால் அந்த வீட்டின் முன்தோட்டம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால். தபாற்கந்தோருக்குள் போக ஒரு முத்திரை வாங்கினால் போதும். கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்திலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பங்களா பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். 2023இல் மலையகம் 200ஐ, நம் ஆட்கள் தோட்ட வேலைக்கு இங்கே வந்த இருநூறாவது ஆண்டை, நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்து போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராதான் கண்ணில் நின்றது. பழைய வீடு என்றால் அதுவும் பழைய வீடுதான்.

காவல்கார ஐயா தந்த கொப்பு கொழும்பில் மூன்று வாரத்தில் கருகியது. ஒன்பது மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. 2025 பெப்ரவரியில் மறுபடி புறப்பட்டேன். முதலில் அப்புத்தளை, அதிஷாம் பங்களா. அதை சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பாடசாலை விடுமுறை நாட்களில் மட்டும்தான் பார்க்க விடுவார்கள், வார நாளில் போய்க் கேட்டோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நான் சனிக்கிழமை போனேன். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸ்ஸலின் பேரன் தோமஸ் விலியர்ஸ் 1931இல் கட்டிய கல் வீடு. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். உள்ளே வரவேற்பறையும் நூலகமும் மட்டும் பார்க்கலாம். ஒரு துரை வீட்டின் முன்வாசல் வழியாக, யாரும் ஏன் என்று கேட்காமல், நான் உள்ளே போனேன். ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தேன். தோட்டம் அடுக்கடுக்காக இறங்கியது, ரோஜா, டேலியா, அப்புறம் பள்ளத்தில் மேகம். தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து தன் பூக்களைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு வேறு மாதிரித் தெரிகிறது! துறவிகள் விற்கிற கொய்யா ஜெலியில் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா. அந்தத் தோட்டப் பாதையில் நடந்தே ஏறினேன். கேட்டுக்குப் பக்கத்தில் அதே ஐயா, அதே குடில். என்னை அடையாளம் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஜெலிப் போத்தலைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்த வாட்டி ரூம் இருக்கா புள்ள?"

"இருக்குங்க ஐயா. வர்றதுக்கு முந்தியே வீடியோவுல வாசலக் காட்டச் சொல்லிப் பாத்துட்டேன். காசு இன்னும் கட்டல."

"அது சரி" என்று சொல்லிவிட்டு, பிளேன்டீ போட உள்ளே போனார்.